பல் போன இடம்

மனிதருக்கு இருமுறை பல் முளைக்கிறது. முதல்முறை முளைத்தவை விழும்போது வீட்டில் அது ஒரு சிறு விழா. விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து ஓட்டின்மேல் எறியச் சொல்லி, புதுப்பல் முத்துப்போல வரும் என்று அம்மா தேற்றியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கீழச்சிவல்பட்டியில் நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் ஓட்டுக் கூரை, நம் உடன்பிறந்தோர் அனைவரின் பாற்பற்களையும் வாங்கிக்கொண்ட கூரை. இரண்டாம்முறை முளைத்தவை விழும்போது அந்த விழா இல்லை. மருத்துவர் பல்லைப் பஞ்சோடு சேர்த்து ஒரு தட்டில் போடுகிறார். நாம் வாயை மூடிக்கொண்டு பேருந்து ஏறி வீடு திரும்புகிறோம்.

2022 ஆகஸ்டு மாதத்தில் நாம் அப்படித்தான் திரும்பினோம். போனது இடப்புறக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். இந்தப் பல்லுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. எந்தப் பாற்பல்லும் விழாமலே, பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், ஏறத்தாழ ஆறு வயதில் அது தானாக முளைக்கிறது. ஒன்றும் விழாததால், இதுவும் பாற்பல்தான், சொத்தையானால் விழுந்துவிட்டுப் போகட்டும் என்று பெற்றோர் பலர் கவனியாது விட்டுவிடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் இருக்க வந்த பல்லை விருந்தாளி என்று எண்ணிவிடுகிற பிழை அது. நம் பல் அந்தப் பிழையைத் தாங்கிக்கொண்டு ஐம்பத்தேழு ஆண்டுகள் உழைத்தது. அறுபத்து மூன்றாம் வயதில் நெடுக்காக வெடித்தது. வேர்வரை வெடித்த பல்லை வேர் சிகிச்சையாலும் காப்பாற்ற முடியாது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

இல்லாத ஒன்று எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதை அதன்பின் அறிந்தோம். நாக்கு ஓயாமல் அந்த இடத்திற்கே சென்று தடவிப் பார்த்தது. இருக்கின்ற பற்களை அது ஒருநாளும் அப்படித் தேடிச் சென்றதில்லை. உணவு வலப்புறத்திற்கு இடம் மாறியது. சில மாதங்களில் நாக்கும் பழகிவிட்டது, நாமும் பழகிவிட்டோம். சிரித்தாலும் வெளியில் தெரியாத இடமாதலால் உலகம் அதை அறியவில்லை. இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

வெளிநாட்டில் பணிபுரியும் மகன் 2024-இல் விடுமுறைக்கு வந்தபோது, நாம் ஒருபுறமாக மெல்லுவதைக் கவனித்துவிட்டான். "அப்பா, இப்படியே விட்டா மத்த பல்லும் போயிடும். செலவைப் பத்தி யோசிக்காம நல்லதாப் பாத்துக் கட்டிக்குங்க" என்று ஒரு தொகையையும் வங்கியில் போட்டுவிட்டுச் சென்றான். பல் கட்டுவது என்றால் அளவெடுத்து ஒரு பல்லைச் செய்து மாட்டிவிடுவது என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அதில் இத்தனை வழிகள் உண்டு என்பதும், ஒவ்வொரு வழிக்கும் அதற்கேற்ற விலை உண்டு என்பதும், அந்த விலை பணம் மட்டுமன்று என்பதும் பிறகுதான் விளங்கியது.

முதலில் காரைக்குடியில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தோம். பொறுமையாகப் படம் எடுத்து, கண்ணாடியில் காட்டி விளக்கினார். "சார், பிரிட்ஜ் போட்டுக்கலாம். முன்னாடி ஒரு பல்லு, பின்னாடி ஒரு பல்லு, ரெண்டையும் சுத்தி ராவி, மேல உறை போட்டு, நடுவுல இல்லாத பல்லை அதோட சேத்துக் கட்டிடுவோம். நாலஞ்சு தடவை வந்தாப் போதும்." எளிதாகவே தோன்றியது. ஆனால் நம் மனம் அந்த 'ராவி' என்ற சொல்லில் நின்றுவிட்டது. பின்னால் இருப்பது ஏற்கெனவே பாதி அடைக்கப்பட்ட பல். அதற்கு எப்படியும் உறை வேண்டியதுதான். முன்னால் இருப்பதோ ஒரு குற்றமும் அறியாத பல். இல்லாத ஒன்றைச் சுமப்பதற்காக, நன்றாக இருக்கும் அதன் மேற்பரப்பைச் சுற்றிலும் அரைத்து எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை. நன்றாகப் பேணினால் இத்தகைய பாலங்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைக்கின்றன. பேணாவிட்டால் உறையின் விளிம்பில் சொத்தை நுழைந்து, ஒரு பல் போன இடத்தில் மூன்று பல் போகும் நிலையும் வரலாம். அவர் இவற்றை மறைக்காமல் சொன்னார். அதற்காக அவர்மேல் மதிப்பு கூடியது.

இரண்டாமவர் மதுரையில் இருந்தார். அவர் பரிந்துரைத்தது இம்பிளாண்ட். தாடை எலும்பில் டைட்டானியம் உலோகத்தால் ஆன ஒரு சிறு திருகை நட்டு, எலும்பு அதை இறுகப் பற்றும்வரை சில மாதங்கள் காத்திருந்து, அதன்மேல் பல்லைப் பொருத்துவது. அக்கம்பக்கத்துப் பற்களைத் தொட வேண்டியதில்லை. தன் காலில் தானே நிற்கும்.

இந்த முறையின் பிறப்பு சுவையானது. 1952-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர் இங்வார் பிரோனெமார்க் எலும்பின் குருதியோட்டத்தை அறிவதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த ஒரு நுண்கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டிருந்தது. கழற்ற முடியாத அந்தத் தொல்லையில் ஒரு நன்மை ஒளிந்திருப்பதை அவர் கண்டார். 1965-இல் கோதன்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் இவ்வேர்கள் நடப்பட்டன. இன்று உலகெங்கும் இது நடைபெறுகிறது.

ஆனால் நடுவதற்கு நிலம் வேண்டுமே! பல் போனபின் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலையில்லாமல் போகிறது. பிடுங்கிய முதல் ஓராண்டிலேயே அதன் அகலத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடுகிறது என்றும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே கரைகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. நமக்கு இன்னும் போதிய எலும்பு இருந்தது. தடை வேறொன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக உடனிருக்கும் சர்க்கரை நோய்! மூன்று மாதச் சராசரி அப்போது 8.9. "சர்க்கரை இருந்தாலே இம்பிளாண்ட் கூடாதுன்னு இல்ல சார். கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரைதான் பிரச்சினை. ஆறுறது தாமதமாகும், கிருமி புகுந்துடும். முதல்ல அதைக் குறைச்சிட்டு வாங்க" என்றார். புகைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

மூன்றாவது வழியாகக் கழற்றி மாட்டும் பல்லைப் பற்றி இருவருமே சொன்னார்கள். செலவு குறைவு, பக்கத்துப் பற்களை அரைக்க வேண்டியதில்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. ஆனால் ஒரே ஒரு கடைவாய்ப்பல்லுக்காக அதை அணிவது பலருக்கு ஒத்துவருவதில்லை. ஒருபுறம் மட்டும் மாட்டும் மிகச் சிறிய தகடானால் உணவோடு விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. விழுங்காதபடி மறுபுறம்வரை நீட்டினால் ஒரு பல்லுக்காக வாய் முழுவதும் தகடு. இரவில் கழற்றி, கழுவி, நீரில் இட்டு வைக்க வேண்டும்.

மூன்றாமவர் திருப்பத்தூரில் இருக்கும் ஒரு முதிய மருத்துவர். அவரிடம் மூன்று வழிகளில் எது சிறந்தது என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "நாலாவது வழியை யாரும் சொல்லலையா? அப்படியே விடுறதும் ஒரு வழிதான் ஐயா" என்றார். கவனியாது விடுவதை அவர் சொல்லவில்லை. கவனித்துக்கொண்டே விடுவதைச் சொன்னார். பல் போன இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாய்வதும், எதிர்த்தாடைப் பல் கீழே இறங்குவதும் உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் அது ஒரே அளவில் நிகழ்வதில்லை. நம் வாயில் இரண்டு ஆண்டுகளில் பெரிதாக எதுவும் நகரவில்லை. எலும்பு விரைந்து கரையும் காலமும் கடந்துவிட்டது. இனிக் கரைவது மெதுவாகத்தான். ஆகவே ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்து காட்டி, அளந்து பார்த்து, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு, அதன்பின் முடிவு செய்யலாம் என்றார்.

அவரே மற்றொன்றும் சொன்னார். ஜப்பானில் 1989 முதல் ஓர் இயக்கம் நடைபெறுகிறது. அதன் பெயர் 8020. எண்பது வயதில் இருபது பற்கள் என்பது பொருள். இருபது இயற்கைப் பற்கள் இருந்தால் மனிதர் ஏறக்குறைய எதையும் மென்று உண்ணலாம் என்ற கணக்கில் வகுத்த இலக்கு அது. 2016-இல் எடுத்த கணக்கில் எண்பது வயதினருள் பாதிக்கும் சற்று மேலானோர் அந்த இலக்கை எட்டியிருந்தனர். "உங்களுக்கு எத்தனை இருக்கு?" என்று எண்ணிப் பார்த்தார். இருபத்தேழு. "போன ஒண்ணை விட இருக்குற இருபத்தேழைப் பாருங்க. ஈறு வீங்கியிருக்கு. ஈறு கெட்டா சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறுனா ஈறு கெடும்" என்று சொல்லி, புதுப்பல் ஒன்றும் கட்டாமல், இருந்த பற்களைச் சுத்தம் செய்து அனுப்பிவிட்டார்.

பேருந்தை விட்டிறங்கி வீட்டிற்கு நடக்கும்போது, எத்தனையோ முறை கடந்த ஓரிடம் அன்று புதிதாகக் கண்ணில் பட்டது. நம் பக்கத்துத் தெருக்களின் அமைப்பை வாசகர்கள் அறிவார்கள். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நீண்ட வீடுகள். அவற்றுள் ஒன்று, பங்காளிகள் பலராகி, பார்ப்பாரின்றி, சில ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டது. பர்மாத் தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. இருபுறத்து வீடுகளும் இடித்தவை அல்ல. எனினும் நூறாண்டுகளாக மழையையே காணாத அவற்றின் பக்கச்சுவர்கள் அன்று முதல் நனையத் தொடங்கின. ஒன்றில் வெடிப்பு கண்டிருக்கிறது. ஒருவர் போனால் அவருடைய இடம் மட்டும் வெறுமையாவதில்லை. அவர்மேல் சாய்ந்திருந்தவர்களும் அவரைத் தாங்கியிருந்தவர்களும் தத்தம் நிலையை மாற்றிக்கொள்ள நேர்கிறது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தில் காட்டியதையே தெருவும் காட்டியது.

அந்நாட்களில் ஒரு குறிப்பேட்டில் பாலம், இம்பிளாண்ட், தகடு, காத்திருத்தல் என்று நான்கு கட்டம் போட்டு, நன்மை தீமைகளை எழுதிவைத்துக்கொண்டு அடிக்கடி புரட்டினோம். வீட்டில் உணவு வேளையில் பேச்சும் அதுவே. இந்தப் பேச்சையெல்லாம் ஒருவர் பரிமாறியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நம் அக்கா.

அக்கா நம்மைவிட எட்டு வயது மூத்தவர். கணவரை இழந்தபின் பல ஆண்டுகளாக நம்மோடு இருக்கிறார். 2024 கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரம் வழக்கம்போல் பலகாரம் செய்தார். சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் என்று அடுப்படி மணத்தது. பேத்தி ஒரு சீப்புச் சீடையை எடுத்து அவர் வாயில் ஊட்டப் போனாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு வேணாம் ஆத்தா, நீ தின்னு" என்றார். குழந்தை விடவில்லை. "ஏன் வேணாம்? நீங்க செஞ்சத நீங்க திங்கவே மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

நாம் நிமிர்ந்து பார்த்தோம். அக்கா எதையேனும் கடித்துத் தின்று நாம் கண்டு எவ்வளவு காலம் ஆயிற்று? எண்ணிப் பார்த்தால் நினைவில்லை. சோற்றைக் குழையப் பிசைந்து, இரசத்தில் கரைத்து, எல்லோரும் உண்டபின் அடுப்படியில் அமர்ந்து உண்பார். முறுக்கைத் தேநீரில் ஊறவைப்பார். அதை அவருடைய பழக்கம் என்று எண்ணியிருந்தோம். அன்றிரவு அருகில் அமர்ந்து கேட்டபோது, வெட்கத்தோடு வாயைத் திறந்து காட்டினார். ஒரு பல்லும் இல்லை.

"ஒண்ணொண்ணா ஆடி ஆடி விழுந்துச்சு தம்பி. புள்ளைக்கு ஒரு பல்லுன்னு அந்தக் காலத்துல சொல்லுவாக. அப்படித்தான்னு விட்டுட்டேன்" என்றார். பிள்ளைப்பேற்றால் பல் விழுவதில்லை. கவனியாத ஈறு நோயால்தான் விழுகிறது. அதைச் சொல்லி என்ன பயன்? பிறகு தம் பெட்டியைத் திறந்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். ஒரு பல்செட்டு. எப்போதோ, கடைசிப் பற்கள் விழுந்த காலத்தில், சந்தைக்கு அருகில் பல் கட்டிக்கொண்டிருந்த முறையாகப் படிக்காத ஒருவரிடம், ஒரே நாளில் கட்டிக்கொண்டதாம். ஈறெல்லாம் புண்ணாகி ஒரு வாரத்தில் கழற்றிவிட்டார். கொடுத்த காசு வீணாயிற்றே என்று நம்மிடம் சொல்ல அஞ்சி, இத்தனை ஆண்டுகளும் மறைத்து வைத்திருந்தார்.

நமக்கு ஒரு பல் போனதற்கு மூன்று மருத்துவர்கள், ஒரு குறிப்பேடு, நான்கு கட்டங்கள். அதே கூரையின்கீழ் முப்பத்திரண்டும் போனவருக்கு ஒரு கேள்விகூட இல்லை. அவர் சமைத்ததை நாம் மென்றோம். அவர் மெல்லுகிறாரா என்று பார்க்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் செல்வர்கள் ஏழைகளின் உயிருள்ள பற்களை விலைக்கு வாங்கிப் பிடுங்கித் தங்கள் வாயில் பொருத்திக்கொண்டதையும், 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்களைச் சேகரித்துப் பல்செட்டு செய்து விற்றதையும் படித்து முகம் சுளித்ததுண்டு. பிடுங்கினால்தானா? ஒருவருடைய உழைப்பை உண்டுவிட்டு அவருடைய வாயைப் பார்க்க மறப்பதும் அந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது என்றே அன்று தோன்றியது.

பல்வலிக்குப் பாதுகாவலியாக நம் திருச்சபை வணங்கும் புனித அப்பொலோனியாவை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அவரது திருநாள் பிப்ரவரி 9. ஓவியங்களிலும் சுரூபங்களிலும் அவர் பெரும்பாலும் அழகிய இளம்பெண்ணாக, கையில் குறடும் அதன் நுனியில் ஒரு பல்லுமாக நிற்பார். ஆனால் 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் நடந்த கலகத்தை அக்காலத்து ஆயர் தியோனீசியு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதை வரலாற்றாசிரியர் யூசேபியு தம் நூலில் காத்துத் தந்திருக்கிறார். அக்கடிதத்தின்படி அப்பொலோனியா இளம்பெண் அல்லர். வயது முதிர்ந்த கன்னி. குறடு கொண்டு ஒரு பல்லைப் பிடுங்கவில்லை. தாடையில் அடித்து அவருடைய பற்கள் அனைத்தையும் உடைத்தார்கள். விசுவாசத்தை மறுதலிக்க மறுத்து, மூட்டிய தீயில் அவர் தாமே பாய்ந்தார்.

முதிய பெண் ஒருவர் எல்லாப் பற்களையும் இழந்து நின்றதைக் கலைஞர்கள் இளம்பெண் ஒருத்தியும் ஒற்றைப் பல்லுமாக மாற்றிக்கொண்டார்கள். பார்ப்பதற்கு அதுவே எளிது. ஓவியர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. நம் வீட்டிலும் அதுதானே நடந்தது? ஒற்றைப் பல் எல்லோர் கண்ணிலும் நின்றது; முதியவரின் வெறும் ஈறு எவர் கண்ணிலும் படவில்லை.

திருவிழா முடிந்ததும் அக்காவைப் புதுக்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-இல் தொடங்கப்பட்டது. திருமயம் வழியாகப் பேருந்தில் போய்வந்தோம். முதலில் அவர் மறுத்தார். "எனக்கு எதுக்குத் தம்பி இனிமே பல்லு? எழுபது வயசுக்கு மேல ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார். எத்தனை நாளானாலும் உண்ணத்தானே வேண்டும் என்று சொல்லி இணங்க வைத்தோம்.

முழுப் பல்செட்டு ஒரே நாளில் ஆகும் வேலை அன்று என்பதை அங்கே கண்டோம். முதலில் ஈறுகளின் அச்சு எடுத்தார்கள். அடுத்தமுறை அதனினும் நுட்பமான அச்சு. பின்பு மேல்தாடையும் கீழ்த்தாடையும் எவ்வளவு இடைவெளியில் சந்திக்க வேண்டும் என்று மெழுகில் அளந்தார்கள். அதன்பின் மெழுகில் பல் அடுக்கி அணிவித்து, முகத்தைப் பார்த்து, பேசச் சொல்லிக் கேட்டார்கள். கடைசியாகவே இறுதிச் செட்டு. சந்தையருகே ஒரே நாளில் கட்டியது ஏன் புண்ணாக்கியது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மருத்துவர்கள் மிகையாக எதையும் வாக்களிக்கவில்லை. நன்கு பொருந்திய முழுச் செட்டும் இயற்கைப் பற்களின் கடிவலிமையில் நான்கில் ஒரு பங்கையே தரும் என்றார்கள். மேல்செட்டு அண்ணத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். கீழ்ச்செட்டுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. போதாததற்கு, பல்லற்ற தாடைகளில் கீழ்த்தாடையே அதிகம் கரைகிறது. அக்காவின் கீழ்த்தாடையில் எஞ்சியிருந்தது ஒரு மெல்லிய வரப்பு மட்டுமே. சில வாரங்கள் பழகட்டும். கீழ்ச்செட்டு நிற்காவிட்டால், முன்தாடையில் இரண்டு இம்பிளாண்டு நட்டு அவற்றின்மேல் செட்டைப் பொத்தான்போல மாட்டலாம் என்றார்கள். பல்லற்ற கீழ்த்தாடைக்கு முதலில் எண்ணிப் பார்க்க வேண்டிய முறை அதுவே என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்தறிந்தோம்.

பழகுவது எளிதாக இல்லை. அக்கா முதல் வாரம் அழுதே விட்டார். "கடிக்குது தம்பி, ஆனா ருசி தெரியல" என்றார். புண்பட்ட இடங்களை இரண்டுமுறை தேய்த்துச் சரிசெய்தார்கள். சிறு சிறு கவளமாக, இருபுறமும் சமமாக மெல்லக் கற்றுக்கொண்டார். மேல்செட்டு நன்றாக நின்றது. கீழ்ச்செட்டு பேசும்போதே எழும்பியது. சில வாரங்களுக்குப் பின்னும் அது அடங்கவில்லை.

அப்போது குறிப்பேட்டை மீண்டும் எடுத்தோம். மகன் அனுப்பிய தொகை அப்படியே இருந்தது. நம் ஒரு பல்லுக்கு இருந்த நான்கு கட்டங்களையும் இம்முறை வேறு கண்ணோடு பார்த்தோம். இருபத்தேழு பற்களோடு இருப்பவர் இருபத்தெட்டாவதைத் தேடுவதும் தேவைதான். ஆனால் அது காத்திருக்கக்கூடிய தேவை. மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது சற்று மௌனமாக இருந்தான். பிறகு, "அத்தைக்கு ஒரு பல்லுகூட இல்லையா அப்பா? எனக்குத் தெரியவே தெரியாதே" என்றான். நமக்கும் தெரியாது என்று சொல்ல நேர்ந்தது. அத்தொகை அக்காவின் இரண்டு இம்பிளாண்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. அவருக்குச் சர்க்கரை இல்லை. எலும்பைப் படமெடுத்துப் பார்த்து, இரண்டுக்கும் இடமிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

நம்மைப் பொறுத்தவரை, திருப்பத்தூர் மருத்துவர் சொன்ன நான்காவது வழியே இப்போதைக்கு நம் வழி. இதைத் தியாகம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அது நமக்கு மருத்துவ முறையிலும் பொருந்துவது. இரவில் பல் துலக்காமல் படுப்பதில்லை. மாலை நடை கூடியிருக்கிறது. சர்க்கரை 7.4-க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கியபின், பக்கத்துப் பல்லை அரைக்காத வழியையே தேர்வோம் என்று எண்ணுகிறோம். எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்ல மாட்டோம். முன்பல் போனவர்களுக்கும், இருபுறமும் கடைவாய்ப்பல் போனவர்களுக்கும் காத்திருப்பது நல்லதாகாமல் போகலாம். பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே உறை வேண்டி நிற்பவர்களுக்குப் பாலமே நல்ல தேர்வு. அவரவர் வாயையும், வயதையும், உடல்நிலையையும், கையிருப்பையும் முறையாகக் கற்ற ஒரு மருத்துவர் முன் வைத்துக் கேட்பதே நல்லது. அப்படிக் கேட்கப் போகும் நாளில், வீட்டில் கேட்கப்படாமல் இருக்கும் வாய் வேறு ஏதேனும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்பது மட்டுமே நாம் கூடுதலாகச் சொல்லத் துணிவது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நம் வீட்டில் மாலைச் செபமாலையை முன்பெல்லாம் அக்காதான் தொடங்கி நடத்துவார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், "தொண்டை கட்டிக்கிது, நீயே சொல்லு" என்று நம் துணைவியாரிடம் ஒப்படைத்துவிட்டார். வயதின் தளர்ச்சி என்று நாமும் விட்டுவிட்டோம். தொண்டை அன்று, பல்லே காரணம் என்பது இப்போதுதான் புரிந்தது. நாக்கு சென்று தொட வேண்டிய இடத்தில் பல் இல்லாததால் சொற்கள் குழைந்தன; பேரப்பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் குரலைத் தாமே அடக்கிக்கொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் ஒரு மாலை, துணைவியார் ஊரில் இல்லை. செபமாலைக்கு அமர்ந்தோம். யார் தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கையில், அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். கீழ்ச்செட்டு இடையிடையே எழும்பி 'டக்' என்று ஓசையிட்டது. பேத்தி நம்மைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. ஐந்து தேவ இரகசியங்களையும் அக்காவே சொல்லி முடித்தார்.